அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடு

இரண்டு வருடத்துக்கு முன்பு, வெசாக் பண்டிகை முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கஹவத்தை டவுனுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வாசலில் நின்றபடி என் வீட்டுக்காரர் தன் பால் வெட்டும் கத்தியை என்னிடம் நீட்டினார். இஸ்ரேலில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பதிந்து, பேர் வந்து, அன்றைக்கு அவர் புறப்படுகிறார். அவருக்கென்று ஒதுக்கிய மரங்களை இனி நான்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தில் எங்கள் பேரை வெட்டிவிடுவார்கள், லயத்து அறையும் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் தோட்டத்து டிவிஷனில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வெட்டிய மரத்தில் இன்னொருவர் கை வைப்பதென்றால், அந்த ஆளிடம் போய் "வெட்டவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்போம். காய்ச்சலில் படுத்திருந்தாலும் தலைமாட்டில் நின்று கேட்போம். கேட்காமல் வெட்டினால் மரம் பால் தராது என்று சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, கேட்காமல் வெட்டியவளை ஒரு மாதத்துக்குப் பேச்சிலேயே வறுத்தெடுத்துவிடுவார்கள்.

நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன். "என்னாங்க, வெட்டவா?" என்றேன். "வெட்டு புள்ள. நான் வர்ற வரைக்கும்" என்றார். எங்கள் பன்னிரண்டு வயது மகள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அங்கே அவருக்கு ஆரஞ்சுத் தோட்டத்தில் கிளை வெட்டுகிற வேலை. ஐந்து வருட அக்ரிமெண்ட். தோட்டத்துக்கு வெளியே சின்னதாய் ஒரு துண்டு காணி வாங்கி அத்திவாரம் போட்டிருந்தோம். வீடு எழும்பினதும் வந்துவிடுவேன் என்றுதான் போனார். சனிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு மத்தியானம் போனில் முகத்தைப் பார்ப்போம். சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே ராக்கெட் வருகிறது என்று சைரன் ஊதும். போனைத் தூக்கிக்கொண்டு பதுங்கும் அறைக்கு ஓடுவார். திரையில் தரையும் காலும் மட்டும் தெரியும், பிறகு அதுவும் நின்றுபோகும். திரும்ப மணி அடிக்கும்வரை நான் சோற்றில் கை வைக்க மாட்டேன்.

மழை நாளில் பால் வெட்டு இல்லை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித்தான் தெரியுமே, பிடித்தால் விடாது. வேலை இருக்கும் நாளில் மனசு அடங்கிக் கிடக்கும். மழை நாளில் அவர் நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். முன்பெல்லாம் மழை பெய்தால் அவரும் வீட்டில் இருப்பார், தேத்தண்ணிக்குத் தொல்லை கொடுப்பார், நான் எரிந்து விழுவேன். அந்தத் தொல்லைக்காக ஏங்குவேன் என்று யார் கண்டார்கள்? டவுனில் கடைக்காரர் வேறு பார்க்கும்போதெல்லாம் "அக்கே, அய்யா கவதத என்னே?" என்று சிங்களத்தில் கேட்பார். எப்போது வருவார் என்று எனக்கே தெரியாது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் முகம் வாடிக் கிடந்தது. "இங்க முந்தி வேல செஞ்ச பலஸ்தீன ஆளுகள திரும்ப எடுக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. எடுத்தா எங்கள அனுப்பிருவாங்களாம்" என்றார். அதுவரை அந்த வேலைக்கு முன்னால் ஓர் ஆள் இருந்திருப்பான் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. அப்போதும் அந்த ஆளைப் பற்றி நான் நினைக்கவில்லை. அரைகுறை அத்திவாரம்தான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அரச மரத்தில் மஞ்சள் துணி கட்டி, "தாயே, அஞ்சு வருசம் முடியிற வரைக்கும் அந்த ஆளுகளுக்கு வழி தெறந்திடாத" என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் வேண்டினேன், மனமார வேண்டினேன்.

அடுத்த மாதம் அவர் ஒரு விஷயம் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய கோட்டும் கிளை வெட்டும் கத்தரியும் தொங்கினவாம். எடுக்கப் போனபோது முதலாளி தடுத்துவிட்டாராம். பதினொரு வருடம் அங்கே வேலை செய்த ஒரு பலஸ்தீன ஆளுடையவை அவை. மேற்குக் கரையிலிருந்து தினமும் விடியுமுன் வந்து போனவர். அக்டோபர் தாக்குதலுக்குப் பிறகு உள்ளே வந்து வேலை செய்யும் பெர்மிட்டை அவருக்கு நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாக்குதலில் முதலாளியின் அக்கா மகனும் செத்துப்போயிருக்கிறார். அப்படியிருந்தும் அந்தக் கோட்டை யாரையும் தொட விடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "கேக்காமலே அந்தாளு மரத்துல கை வச்சிட்டேனே புள்ள" என்று புலம்பினார். முதலாளியை நச்சரித்து, ஒரு சனிக்கிழமை அந்த ஆளுக்கு வீடியோ கால் எடுக்க வைத்துவிட்டார். அந்த நேரத்தில் இன்னொரு போனில் என்னையும் பிடித்துவைத்திருந்தார். முதலாளி அந்த ஆளிடம் ஹீப்ருவில் பேசி அதை ஆங்கிலத்தில் சொல்ல, கூட வேலை செய்யும் கொடகவெல ஊர்ச் சிங்களத் தம்பி அதைச் சிங்களத்தில் சொல்ல, என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்.

போனில் தெரிந்தவருக்கு என் அண்ணன் வயது இருக்கும். நரைத்த தாடி. பின்னால் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மனைவியாக இருக்கும். "ஒங்க மரத்த வெட்டிக்கிட்டு இருக்கேன். மொதல்லயே கேட்டிருக்கணும். வெட்டவா?" என்று இவர் கேட்டார். அந்தக் கேள்வி நாலு பாஷை தாண்டிப் போய்ச் சேர எவ்வளவு நேரம்! திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான்.

அவர் மரங்களைக் காட்டச் சொன்னார். இவர் போனைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். மூன்றாவது வரிசைக் கடைசியில் ஒரு மரம் வந்ததும் அந்த மனிதர் நிற்கச் சொன்னார். அது அவரே ஒட்டுக் கட்டிய மரமாம். இரண்டு வருடம் காய்க்காமல் இருந்ததாம். இப்போது கிளை தாழக் காய்த்து நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணும் எழுந்து வந்து பார்த்தாள்.

பிறகு சொன்னார்: எல்லா மரத்தையும் வெட்டு. அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடு. அதை நான் வந்து வெட்டுகிறேன்.

இவர் தலையை ஆட்டினார். போனை வைப்பதற்கு முன் அந்த மனிதர் ஒன்று கேட்டாராம், ஊரில் உன் மரங்களை யார் பார்க்கிறார்கள் என்று. "என் சம்சாரம்" என்று இவர் சொல்லி, என் முகம் தெரிந்த போனை அவரிடம் காட்டினார். அவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன். அவர் வழியை அடைக்கச் சொல்லி வேண்டியவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று சாயந்தரமே கோயிலுக்குப் போனேன். மழையில் எல்லாத் துணியும் வெளுத்துக் கிடந்தது. நல்லவேளை, என்னுடையதைப் பால் வாளிக் கயிற்றுக்குப் போடும் முடிச்சால் கட்டியிருந்ததால் அடையாளம் தெரிந்தது. அவிழ்ப்பதைப் பார்த்து பூசாரி, "என்னாம்மா, வேண்டுனது நடந்திருச்சா?" என்று கேட்டார்.

"வேண்டுனதே தப்பு சாமி" என்றேன்.

அந்தப் பலஸ்தீன மனிதருக்கு இன்னும் பெர்மிட் வரவில்லை. என் வீட்டுக்காரரும் இன்னும் வரவில்லை. வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. சனிக்கிழமை தோறும் இவர் அந்த மரத்தைப் படம் பிடித்து அந்த மனிதருக்கு அனுப்புகிறார், எனக்கும் அனுப்புகிறார். வெட்டாமல் விட்டதில் கிளைகள் காடாய் வளர்ந்துவிட்டன. அவருக்கு வழி திறந்தால் இவருக்கு வேலை போய்விடும், எங்கள் வீடு பாதியில் நின்றுவிடும். நிற்கட்டும். விடியலில் முதல் மரத்தில் கத்தியை வைக்கும்போதெல்லாம், அந்த மனிதர் தன் மரத்தடிக்குத் திரும்பி வர வேண்டும், என் வீட்டுக்காரர் வந்து இந்தக் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.