சவுக்குத் தோப்பில் ஒரு வாக்கு

பிளாக் மெட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், தகரக் கூரையில் அடைமழை கொட்டுவதுபோல கிடார், அதற்குமேல் ஒருத்தி தொண்டை கிழியக் கத்துவாள் என்பேன். அந்த ஒருத்தி நான்தான். கிடார், பேஸ், கம்ப்யூட்டரில் தட்டும் டிரம்ஸ் எல்லாமும் நானே. போதாததற்கு நடுவில் பழைய ராக்கையும், அலைமாதிரி ஆடும் சர்ஃப் ராக்கையும் சேர்ப்பேன். மெட்டல் ரசிகர்கள் இது மெட்டலே இல்லை என்பார்கள். ராக் ரசிகர்கள் இது பாட்டே இல்லை என்பார்கள். இணையத்தில் என்னைக் கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வாரநாட்களில் நான் செங்கல்பட்டில் வேதியியல் டீச்சர்.

வாத்தியங்களை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்துவிடலாம். குரலை என்ன செய்வது? முதல்முறை வீட்டில் கத்தியபோது, என் கணவர் என்னை அடிக்கிறார் என்று நினைத்துக் கீழ்வீட்டு அம்மா ஓடிவந்து அவரைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டார். பாவம், மனிதர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வந்து வடக்கே திரும்புவேன். நெம்மேலி தாண்டி, கோவளத்துக்கு முன்னால், சவுக்குத் தோப்புக்குள் ஒரு மண்பாதை இருக்கிறது. மைக்கை ஸ்டியரிங்கில் கட்டி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டுக் கத்துவேன்.

அந்தத் தோப்புக்கு அப்பால் ஒரு சின்ன அம்மன் கோயில் இருப்பது எனக்குத் தெரியாது.

அன்று காற்று பலமாக இருந்தது. கடைசிப் பாட்டுக்குக் குரல் பிடிபடவே இல்லை. கொண்டை அவிழ்ந்து, வியர்வையில் குங்குமம் கரைந்து வழிய, கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். கண்ணைத் திறந்தால் காரைச் சுற்றிப் பெண்கள், கையில் வேப்பிலையும் கற்பூரத் தட்டுமாக. ஒரு கிழவி போனட்மேலேயே கற்பூரத்தை ஏற்றிவிட்டாள்.

"கதவத் தொற, தாயே!"

காருக்கு நெருப்பு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இறங்கினேன். என் வயதுள்ள ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம் புருசன் வெடியகாலம் போட்டு எட்துகினு கடலுக்குப் போனாரு. எல்லாம் கரைக்கு வந்தாச்சு, அவரு வர்ல. போனும் போவல. வருவாரா மாட்டாரா? ஒரு வாக்கு சொல்லு."

"அக்கா, நான் பாட்டுப் பாடிக்கிட்டிருந்தேன்."

"பாட்டா? இன்னா பாட்டு அது?" என்றாள் பின்னால் ஒருத்தி. "ஆத்தா வெளையாட்றா," என்றாள் கிழவி.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என வகுப்பில் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள் நான். ஆனால் அந்தப் பிடி தளரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வருவாரு," என்றேன். கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்த தொண்டையிலிருந்து அது எனக்கே யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது. பெண்கள் "தாயே!" என்று கும்பிட்டார்கள்.

அப்புறம் அங்கிருந்து எப்படிக் கிளம்புவது? என்னையும் கரைக்கு அழைத்துப்போய் மணலில் உட்காரவைத்தார்கள். தேடப் போன போட்டுகளையும் காணோம். வெயில் ஏறியது. அவன் வராவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இவர்கள்தான் என்னைச் சும்மா விடுவார்களா? அந்த மனிதனுக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை. சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லாதவள், அந்தக் கடலைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கிழவிதான் முதலில் பார்த்தாள். தூரத்தில் ஒரு போட்டு இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இஞ்சின் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் இருந்த போட்டிலிருந்து ஒருவன் கையை ஆட்டினான். பெண்கள் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். நான் மெல்ல நழுவிக் காருக்கு வந்து சேர்ந்தேன்.

சாவியைத் திருகும்போது, என்னிடம் வாக்குக் கேட்டவள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு ஸ்டியரிங்கில் கட்டியிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"குடி. தொண்ட போயிகீது," என்றாள். "மைக்கு கட்டிகினு எந்த சாமிம்மா வரும்? உன்ன கார்ல பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு அக்கா என்னைக் கேட்டீங்க?"

"காலைலேர்ந்து இவளுங்க எல்லாம் என்ன கட்டிப்புடிச்சிகினு அழுவுறாளுங்க. வருவாருன்னு ஒருத்தியும் சொல்லல."

சொல்லிவிட்டுப் புருஷனை உரக்கத் திட்டிக்கொண்டே கரைக்கு நடந்தாள்.