கெட்டுப்போன டிரைவ்கள் சொன்னது

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக்கடையில் டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல்களைப் பழுதுபார்த்த அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் எப்போதும் ஒரு லென்ஸ் மாட்டியிருப்பார். எந்த கன்சோலைத் திறந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

அடுத்து வரும் கன்சோலில் என்னென்ன இருக்கும் என்று யூடியூபில் கணித்துச் சொல்பவன் நான். என் கன்சோலைச் சரிசெய்யக் கொடுத்த அன்று அவரிடம் கேட்டேன்: "அடுத்ததுல கேம் டிஸ்க் போடுற டிரைவ் இருக்குமா அக்கா?"

"இருக்கும் சார். ஆனா தனியா கழட்டுற மாதிரி வைப்பாங்க, பாருங்க."

"யாரு சொன்னாங்க?"

மேசைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்துக் காட்டினார். உள்ளே கெட்டுப்போன டிரைவ்கள் நிரம்பியிருந்தன.

"எது அடிக்கடி ரிப்பேருக்கு வருதோ அதைத்தான் மாத்துவாங்க. வேற யாரு சொல்லணும்?"

நான் நம்பவில்லை. டிரைவே இருக்காது என்று அடித்துச் சொல்லி அன்றே வீடியோ போட்டேன். புதிய கன்சோல் வந்தது. அதில் டிரைவ் தனியாகக் கழன்றது. என் தவறை வீடியோவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

"நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு அக்கா!"

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நீங்க வாங்கினா கொண்டாங்க சார். திறந்து பாத்தா அதுக்கு அடுத்தது எப்படி வரும்னு சொல்லிடலாம்."

அத்தனை உறுதியாகப் பேசியவர் ஒருமுறையாவது ஏதாவது ஒரு கன்சோலில் விளையாடியிருப்பாரா? கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.