வேரில்லாத நாற்பத்தேழு பைன்கள்

முன்னாள் புருஷனுக்கு மார்க் போட அரசாங்கம் சம்பளம் தரும் ஒரே பொம்பளை ஓப்பல் ஸ்டிடம்தான் என்று டர்க்கிபென் ஓடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை நிரவி, மரம் நட்டு, மலையை மறுபடி மலையாக்கும் வேலைக்குக் கம்பெனி வைத்திருந்த மேஸ்திரி டெல்மர். மரம் பிழைத்ததா, தண்ணீர் தேறியதா என்று பார்க்கும் மாநில ஆய்வாளர் ஓப்பல்.

பதினாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அவரையும் சோளரொட்டியும் ஆக்கிப் போட்டவள் அவள். நாற்பத்தொன்றாம் வயதில், டெல்மரை விவாகரத்து செய்த அதே வாரம் கல்லூரியில் சேர்ந்தாள். வேதியியல் வாத்தியாரே அவளைவிட இளையவர். கிணற்று நீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நீரில் ஊறி ஊறி அவள் அப்பாவின் பல்செட் செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. அவரைப் புதைக்கும்போது சவப்பெட்டிக்காரர், "வாயை மூடியே வெச்சிரலாமா?" என்று கேட்டார். அதை அவள் மன்னிக்கவே இல்லை.

அந்த ஜூன் மாதம் கம்பெனி, "எல்லாம் முடிந்தது, மலையைச் சீராக்கும்வரை அரசிடம் கட்டிவைத்த பிணைப் பணத்தை விடுவியுங்கள்" என்று விண்ணப்பித்தது. ஓப்பல் மலையேறினாள். டெல்மர் லாரியில் சாய்ந்து நின்றான்.

"வாங்க மகாராணி. செங்கம்பளம் விரிக்க மறந்துட்டோம்."

"விரிச்சிருந்தா அதையும் தூக்கிப் பாத்திருப்பேன். கீழ என்னத்த மறைச்சிருக்கன்னு."

முதலில் குளம். சுரங்கத்து நீர் தங்கித் தெளிந்து ஓடைக்கு இறங்கும் குளம் அது. மீட்டரில் எண் ஆறுக்குக் கீழே போனால் நீரில் புளிப்பு, ஒன்பதைத் தாண்டினால் காரம்; இரண்டும் கூடாது. மீட்டரை முக்கினாள். பதினொன்று புள்ளி இரண்டு. துடைத்துவிட்டு மறுபடி முக்கினாள். அதே எண். கரையில் ஒரு தவளையைக்கூடக் காணோம்.

"டெல்மர், புளிப்ப முறிக்க இதுல எத்தன மூட்டை சலவைச் சோடாவக் கொட்டுன?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் நாலு போதும்னேன். மேனேஜர் ஹாஸ்கின்ஸ்தான், இருக்கட்டும்னு பதினாறு கொட்டச் சொன்னாரு."

"ஒன் உள்ளாடையக் கொண்டா. சோப்பில்லாமத் தொவச்சித் தாரேன்."

அடுத்தது மரம். கம்பை நட்டு, கயிற்றைக் கட்டி, ஒரு சுற்று வந்தால் ஒரு வட்டம். வட்டத்துக்கு ஒன்பது மரம் உயிரோடு இருக்க வேண்டும். சரிவெங்கும் முழங்கால் உயரப் பைன்கள் பச்சைப்பசேலென்று நின்றன. ஓப்பலுக்கே கொஞ்சம் மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் சரளையைக் கவனிக்காமல் கால் வைத்தாள். சறுக்கியது. கைக்கு அகப்பட்ட பைனைப் பிடித்தாள். பைனும் அவளும் ஒன்றாய் இருபதடி உருண்டார்கள்.

கீழே எழுந்து உட்கார்ந்து கையில் இருந்ததைப் பார்த்தாள். அடியில் வேரில்லை. கத்தியால் சீவிய வெட்டு, பென்சில் முனை மாதிரி.

மேலே ஏறினாள். ஐந்து வட்டம், நாற்பத்தேழு பைன். அத்தனையும் வெண்ணெயில் சொருகிய கரண்டிபோல் உருவிக்கொண்டு வந்தன. கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் கழித்த கிளைகள். லாரியின் பின்பலகையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தாள்.

"இதச் சொருகலேன்னா வேலை போயிரும்னாரு ஹாஸ்கின்ஸ், ஓப்பல்," என்றான் டெல்மர். குரலில் கேலி இல்லை. "அம்பத்தெட்டு வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஒரே கட்டிலில் கிடந்தவனாயிற்றே. "இத நான் எழுதாம விட்டா கம்பெனி பிணைப் பணத்த வாங்கிட்டுப் போயிரும், ஒன் வேலை இன்னைக்கோட முடிஞ்சிது. எழுதுனா, திரும்ப நடணும். யாரு நடுவா? மூளையப் போட்டு யோசி."

எழுதினாள். அவள் பழைய பகையைத் தீர்க்கிறாள் என்று ஹாஸ்கின்ஸ் மேலிடத்துக்குப் புகார் போட்டார். மேலிடம் வேறோர் ஆய்வாளரை அனுப்பியது. அவர் விழாமலேயே இன்னும் முப்பது பிடுங்கினார். ஹாஸ்கின்ஸ் வேறு ஊருக்குப் போனார். கம்பெனி மறுபடி நட வேண்டியதாயிற்று. டெல்மரும் பன்னிரண்டு ஆட்களும் இறுகிப்போன மண்ணை மூன்றடி ஆழம் கிழித்து ஓக் மரமும் லோகஸ்ட் மரமும் நட்டார்கள். முதல் குளிர்காலத்தில் எல்க் மான்கள் வந்து பாதியைத் தின்றன. "இதுக்கும் நான்தான் காரணம்னு எழுதுவியா?" என்று டெல்மர் போனில் கத்தினான். "மானோட பேரச் சொல்லு, எழுதுறேன்," என்றாள் அவள். அவன் வேலி போட்டு மறுபடி நட்டான்.

மூன்றாம் வசந்தத்தில் ஓப்பல் கயிறோடு வந்தாள். எந்த வட்டத்திலும் ஒன்பதுக்குக் குறையவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. குளத்தில் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. ஆனால் ஆய்வகத் தாளில் மாங்கனீசு மட்டும் வரம்புக்கு மேலே நின்றது.

"மரம் பாஸ். தண்ணி ஃபெயிலு," என்றாள்.

"மரத்த நான் நடலாம். தண்ணிய எப்பிடிடி நடுறது?"

"கொளத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு பரப்புன ஓடை வெட்டணும், அது மாங்கனீசப் பிடிச்சுக்கும். கம்பெனிகிட்டச் சொல்லு. இன்னும் ரெண்டு வருஷம் ஒனக்குச் சோறு இருக்கு."

டெல்மர் லாரியிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்தான். பொலோனா இறைச்சி வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். கடுகுச் சாந்து அதிகம் என்று குறையும் சொன்னாள்.