தெமட்டகொடைக்குக் கொண்டுபோன காளான் தூள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், ஒரு பக்கெற் காளான் ஒரு ஆளுக்கு எவ்வளவு அதிகம் என்பது எனக்குத் தெரிந்தது. கந்தோருக்குப் போன காலத்தில் மதியச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். இரவில் பாணும் பருப்பும் போதும். இப்போது மூன்று வேளையும் வீட்டில்தான். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய சிப்பிக் காளானில் ஒரு பிடியைச் சமைத்தால், மிச்சம் பிரிட்ஜுக்குள் கிடந்து வழுவழுத்துப் போகும். மச்சம் மாமிசம் சாப்பிடாத எனக்கு அதை எறிய மனம் வராது. அதனால் காயவைத்து, அரைத்து, போத்தலில் போட்டு வைக்கத் தொடங்கினேன்.

எங்கள் தொடர்மாடி கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. உப்புப் போத்தலே கசிகிற வீடு. முதன்முதலாகச் செய்த தூள் கொஞ்ச நாளிலேயே கட்டியாகி, பழைய சாக்கு மணம் மணத்தது. அடுத்த முறை பிரீசரில் வைத்தேன். அதுவும் பழுதானது. அதற்கான காரணத்தைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா.

அவர் ஒரு முஸ்லிம் பெண்மணி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் துணிக்கடை நடத்தியவர், இறந்து பல வருடங்கள். ஒரே மகள் நகரத்தின் மறுபக்கம் தெமட்டகொடையில் குடும்பத்தோடு இருந்தார். நான் திருமணம் செய்யாதவள். அம்மா இந்த வீட்டில்தான் காலமானார். சகோதரங்கள் எல்லாம் வெளிநாட்டில். அக்காவும் நானும் வருடக்கணக்காக லிஃப்டில் சிரித்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான். நான் மொட்டைமாடியில் காளானைப் பரப்பிவிட்டுக் காகத்துக்குக் காவல் இருந்தபோதுதான், உடுப்புக் காயப்போட வந்தவர் நின்று கதைத்தார்.

பிரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறக்கிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். குளிர்ந்த போத்தலுக்குள் வெளிக்காற்று போனால் உள்ளே வியர்த்துவிடும், அறைச் சூடு ஏறும்வரை திறக்காமல் வைக்க வேண்டும் என்றார். அவர் மசாலாத் தூள்களை வருடக்கணக்காக அப்படித்தான் வைத்திருந்தாராம். மிச்சத்தை நான் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டேன். காளான் வளையக் கூடாது, சடக்கென்று முறிய வேண்டும். சூடு ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைச் சரித்துக் கொட்டினால் ஆவி உள்ளே போய்விடும், காய்ந்த கரண்டியால் எடுத்துத்தான் போட வேண்டும்.

அக்காவுக்குப் பிரஷர் இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், எதைத் தின்றாலும் சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டார். என் தூளில் ஒரு போத்தல் கொடுத்தேன். மறுநாளே கதவைத் தட்டி, பருப்பில் அரைக் கரண்டி போட்டதாகவும், நீண்ட நாளைக்குப் பிறகு கோப்பையை வழித்துச் சாப்பிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு நாங்கள் இருவருமாகக் காளான் வாங்கினோம். அந்த நோன்பு மாதத்தில் அவர் எனக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் கஞ்சி காய்ச்சி, அந்தத் தூளைத் தூவித் தந்தார். என் வாழ்க்கையில் வேறு யாரும் எனக்காகத் தனிச் சட்டி வைத்ததாக நினைவில்லை.

பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். சாமான்களை எடுக்க மகள் வந்தபோது, புதிதாக அரைத்த தூளில் ஒரு பெரிய போத்தலைக் கொடுத்தனுப்பினேன். முடிந்ததும் சொல்லச் சொன்னேன்.

அழைப்பு வரவில்லை. நான் ஆரம்பத்தில் ஓரிரு முறை கோல் எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம், டிவிச் சத்தம். நல்லாத்தான் இருப்பதாகச் சொல்வார், பிறகு போனை வைத்துவிடுவோம். மகளுடைய வீட்டில் ஆட்களோடு இருக்கிறவரை நான் ஏன் கரைச்சல்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். தூள் இன்னும் முடியவில்லையாக்கும் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. முடிந்தும் சொல்லவில்லையாக்கும் என்று பிறகு நினைத்தேன். அந்த நாட்களில் சந்தையில் மரக்கறிக்காரரோடு சிங்களத்தில் விலை கதைப்பதைத் தவிர வாயைத் திறக்காத நாட்கள் இருந்தன. ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்து, ஹலோ என்றபோது என் குரலே கரகரத்தது. அது வேறு யாருக்கோ வந்த அழைப்பு.

கடைசியில் ஒரு சனிக்கிழமை புதுப் போத்தலோடு இரண்டு பஸ் மாறித் தெமட்டகொடைக்குப் போனேன். அக்கா மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், நான் விடவில்லை. தூள் எப்போது முடிந்தது என்று கேட்டேன். அவர் பேத்தியை அழைத்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார். சேலைகளுக்கு நடுவிலிருந்து நான் கொடுத்த போத்தல் வந்தது. கழுத்தளவுக்கு அப்படியே இருந்தது. திறந்தேன். தூள் கறுத்து இறுகிப்போய், பூச்சி உருண்டை மணம் மணத்தது.

“ஏன் அக்கா பாவிக்கேல்லை?”

அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “முடிஞ்சா ஒங்களுக்கு கோல் எடுத்துச் சொல்லோணும். நீங்க வெயில்ல நின்னு காயவெச்சு, பஸ் ஏறி வரோணும். எதுக்கு ஒங்களுக்குக் கஷ்டம்? அதான் முடிக்காம வெச்சுக்கிட்டன்.”

நான் அந்த அழைப்புக்காகத்தான் இருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வயதுபோன இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்து, ஒரே ஊரின் இரண்டு மூலையில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை,” என்றேன். “நீங்கள் கோல் எடுக்காததுதான் கஷ்டமாக் கிடந்தது.”

அவர் என் கையைப் பிடித்தார், விடவில்லை. பிறகு, பழையதைக் கொட்ட வேண்டாம், கிடக்கட்டும் என்றார். அதில் பூஞ்சணம் பிடித்திருக்கும், வயிற்றுக்குக் கூடாது என்று எடுத்துச் சொல்லி, நானே குப்பைப் பையில் கொட்டினேன். போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். மகளிடம் கேட்டுக்கொண்டு அடுப்பில் கொஞ்சம் கஞ்சி வைத்து, இறக்கும்போது புதுத் தூளைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா மெதுவாக, முழுவதையும் குடித்தார். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா இப்படிக் குடித்துக் கனநாள் என்றார்.

வீடு திரும்பியதும் கோல் எடுக்கும்படி அக்கா சொல்லியிருந்தார். எடுத்தேன். உம்மா கண்ணயர்ந்துவிட்டார், ஏதும் சொல்ல வேண்டுமா என்று மகள் கேட்டார். வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லச் சொன்னேன்.

இப்போது தூள் முடிந்தால் அக்கா அழைக்கிறார். நானும் பெரிய போத்தலில் கொடுப்பதில்லை. அடிக்கடி திறந்து மூடினால் ஈரம் பிடிக்கும், சின்னதுதான் நல்லது என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்தான். அக்கா இருந்த பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் இளம் தம்பதிக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. விடியப் போய் இருட்டி வருகிறார்கள், லிஃப்டில் தலையசைப்பார்கள். ஒரு போத்தலைக் கொடுப்பதற்கும் அடுத்தது கேட்டு அழைப்பு வருவதற்கும் இடையில் பல நாட்கள் கிடக்கின்றன. அந்த நாட்களில் நான் வானொலியைப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன்.