சாமி மேல் போட்ட பழி

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. மறதியும் அதிகம். இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

அறுபதுகளில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரனையும் பேத்தியையும் நான் பார்த்துக்கொண்டேன். பேரன் கூட்டாளியிடம் ஒரு ஜோடி ஸ்கேட் வாங்கி வந்திருந்தான். இரும்புச் சக்கரம், வாரால் காலில் கட்ட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பேட்மிண்டன் ஆடும் சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பேத்திக்கு எட்டு வயது, பயந்தாள். “முருகான்னு சொல்லிட்டுக் கால வை, விழ மாட்டே” என்றேன். நம்பினாள். ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூப்பிட்டாள்.

“எனக்கு வேணாம் கண்ணு.”

“பாட்டிக்கே முருகன் மேல நம்பிக்கை இல்ல லா!” என்று பேரன் சிரித்தான்.

ரோஷம் வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை நீட்டினேன். பேத்தி கட்டிவிட்டுக் கை கொடுத்தாள். இரண்டடி போகவில்லை, கால் வழுக்கியது. முருகன் பெயர் வாயில் வரவில்லை. “ஐயோ” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு அவள் மேலேயே விழுந்தேன். அவள் கை முறிந்தது.

மருமகள் ஓடி வந்து, “எப்படி அத்தே ஆச்சு?” என்றாள். ஸ்கேட்டை நான் அதற்குள் கழற்றியிருந்தேன்.

“வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல ஆடினா சாமி சும்மா விடுமா?” என்றேன்.

பேரன் என்னையே பார்த்தான். பிள்ளைகள் இரண்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பேத்தி மாவுக்கட்டோடு பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றாள். தோப்புக்கரணம் போட, கட்டுப் போட்ட கை காதுக்கு எட்டவில்லை.

“பாட்டி, ஒரு காதை மட்டும் பிடிச்சுப் போட்டா சாமி மன்னிக்குமா? உங்களை நான்தானே கூப்பிட்டேன்.”

“சாமிக்கு உன் மேல கோபமே இல்ல. இழுத்தது நான். அம்மாகிட்டப் பொய் சொன்னேன்” என்றேன்.

“சாமி பேரைச் சொல்லியா?” என்று கேட்டாள்.

மருமகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

முறிந்தது இடக்கையா வலக்கையா என்று எனக்குச் சந்தேகம். பேத்தி இப்போது பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள். யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றி எழுதியிருந்தால், அதையும் அவளே திருத்தட்டும்.