கிளீனர் பக்கத்துக் கண்ணாடி

எங்கள் பிக்கப் வண்டிக்கு ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவையாக இடதுபக்கக் கண்ணாடி உடைந்தபோது, என் வீட்டுக்காரரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். தட்டாஞ்சாவடியில் சரக்கு ஏற்றி ஊரெல்லாம் கொண்டுபோய் இறக்குகிறவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்டியரிங் பிடித்த கை. கம்பத்தில் உரசிவிட்டது என்றார். ரோட்டோரம் கம்பம் நிற்பது தெரியாதா என்று கேட்டேன். கம்பம்தான் வந்து மோதியது என்று சிரித்து மழுப்பினார்.

மறுநாள் லோடு இல்லை. காலையிலேயே புதுக் கண்ணாடி ஒரு ஜோடி வாங்கிவந்தார். வலது பக்கத்தில் தண்டு துருப்பிடித்து ஆடுகிறது, அதையும் மாற்றிவிடலாம் என்றார். மெக்கானிக்கிடம் போகமாட்டார். அவர் வண்டியில் வேறு ஆள் ஸ்பானர் வைத்தால் அவருக்குப் பொறுக்காது.

கதவின் உள்பக்கம் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பி எடுத்தால் மூன்று நட்டு தெரியும். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒரு ஆள் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலில் விழும். அந்த ஆள் நான்தான். வலது பக்கம் எப்படியோ முடிந்தது. இடது பக்கம், அதாவது கிளீனர் பக்கம் வந்து புதுசை மாட்டும்போது, ஸ்பானர் நட்டில் உட்காரவே இல்லை. விரலால் தடவிப் பார்த்து வைத்தார். மறுபடியும் நழுவியது. எனக்குப் பொறுமை ஏது? நகருங்கள் என்று பிடுங்கி, ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே நானே முடுக்கினேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவரோ போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அது எனக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்து கண்ணாடியைச் சரிபண்ண வேண்டும். நான் வெளியே நின்று திருப்ப, அவர் உள்ளே இருந்து கொஞ்சம் மேலே, கொஞ்சம் வெளியே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் போய் மூலையில் நில், நீ தெரிகிறாயா பார்க்கிறேன் என்றார். போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து, தெருக்குழாயில் வைத்திருந்த குடம் நிறைந்து வழிந்தது. பின்பக்கமாகச் சுற்றி ஓடினேன். குழாய் வண்டிக்கு வலது பக்கம்.

குழாயை மூடிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் கேட்டது. முகம் இடது கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தது.

“ஆங், அப்படியே நில்லு. இப்ப நல்லாத் தெரிது.”

குடத்தை அப்படியே விட்டுவிட்டு, டிரைவர் கதவுப் பக்கம் வந்து நின்றேன்.

“ஏங்க, நான் குழாயாண்ட இருந்தேன்.”

திடுக்கிட்டுத் திரும்பினார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஏதாவது சொல்லுவாரென்று காத்திருந்தேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இடது கண்ணை மறைத்துக்கொண்டு வருகிறதாம். இப்போது வலது கண்ணிலும் மங்கலாம். சர்க்கரைதான் காரணமாக இருக்கும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறார். சொன்னால் நான் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று பயமாம். இவ்வளவையும் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

“கம்பம் இல்ல. தவளக்குப்பத்தாண்ட சைக்கிள்ல போன ஒரு பெரியவரு. தோள்ல பட்டு வுழுந்துட்டாரு. சத்தம் கேட்டுதான் நிறுத்துனேன். ஆளு போனதே எனக்குத் தெரியல.”

தோளில் சிராய்ப்புதானாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்குப் பயம்தான் வந்தது. அந்தப் பெரியவர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாளே என்று நினைத்தேன். இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். வண்டி இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். பிறகு அவரே லோடு கொடுக்கிறவருக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் கண்ணைக் காட்டக் கோரிமேட்டுக்குப் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரி, ரோட்டுக்கு அந்தப் பக்கம். இறங்கியதும் எப்போதும் போல எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பாதி ரோடு வரைக்கும் சரியாகத்தான் போனார். அதற்கு மேல் இடது பக்கத்திலிருந்து வண்டிகள் வரும். அங்கே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி என் புடவையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டி வருதா பாரு” என்றார்.