பூண்டு வாசனையோடு அடி அண்ணாமலைக்கு

திருவண்ணாமலைக்கு எல்லாரும் பௌர்ணமிக்குப் போவார்கள். நான் போனது 2004 தை மாதம், கூட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் என்னோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த குமுதா மார்கழியில் சாலை விபத்தில் இறந்துவிட்டாள். ஹாஸ்டலில் கிடந்த அவள் துணிமணிகளை அவளுடைய அம்மாவிடம் சேர்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை ஆறு மணி பஸ். கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக இருநூறு கிலோமீட்டர் சொச்சம், ஐந்தரை மணி நேரம். ஓசூர் வருவதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டார். எனக்கு இது பழகிப்போனது.

காரணம் இதுதான். நம் உடம்பில் செலினியம் உள்ள ஒரு நொதி, செல்களை அரிக்கும் பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் சின்ன மூலக்கூறுகளை நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்தோம். செலினியத்தின் இடத்தில் டெல்லூரியத்தை வைத்தால் எங்கள் குடுவையில் வேலை இன்னும் வேகமாக நடந்தது. ஆனால் டெல்லூரியம் துளி உடம்பில் ஏறினாலும் மூச்சிலும் வியர்வையிலும் வாரக்கணக்கில் பூண்டு நாறும். பல் தேய்த்தாலும் போகாது. கேன்டீனில் எனக்கும் குமுதாவுக்கும் எப்போதும் தனி மேஜை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து குமுதாவின் ஊரான அடி அண்ணாமலைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். “பௌர்ணமின்னா ஜாஸ்தி ஆவும்மா” என்ற டிரைவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, “காலையிலயே பூண்டுக் குழம்பா?” என்றார். சிரித்துவைத்தேன்.

குமுதாவின் அம்மா கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்தார். கடை சாத்தியிருந்தது. வீட்டில் நான் கதவோரம் தள்ளியே உட்கார்ந்தேன். பையைப் பிரித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பூண்டு சாப்ட்டியாம்மா?”

“இல்லம்மா. லேப்ல டெல்லூரியம்னு ஒண்ணு. அது ஒடம்புல ஏறினா இப்படித்தான். குமுதாவுக்கும் இருந்துச்சே.”

கையிலிருந்த சுடிதார் மடியில் விழுந்தது. “தீபத்துக்கு வந்தா. விரத நாளு, வாயெல்லாம் பூண்டு. பொய் சொல்லாதடின்னு பின்னாடி ஒக்கார வெச்சிட்டேன். தீபம் ஏத்தறப்பகூட கூப்புடல. மறுநாளே பஸ் ஏறிட்டா. அதான் கடைசி. அந்தப் பேரு என் வாயில நொழையல, ஆனா இதையேதாம்மா சொன்னா.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் சொன்னதை மாற்றி, குமுதாவைப் பொய்க்காரியாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். அழுக்காகக் கொடுக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் நான் துவைத்து மடித்திருந்தேன். வெறும் சோப்பு வாசனை. கடைசித் துணியையும் வைத்துவிட்டு, “கிட்ட வாம்மா” என்றார். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“எத்தினி நாளு இருக்கும் இது?”

“ஒரு மாசம் இருக்கும்மா.”

“அதுவரைக்கும் இங்கியே இரேன்.”

இரண்டு நாள் இருந்தேன். அதற்கு மேல் லீவு இல்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்தால் அறை வாடகை கம்மி. கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். வெறுங்காலோடு நடப்பதென்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அடி அண்ணாமலையில் நின்று டீ குடியுங்கள். அந்தக் கடை இப்போது திறந்திருக்கிறது.

மறு வருடம் நான் மறுபடியும் போனேன். அதற்குள் ஆய்வகத்தை விட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, என் தோளருகே முகத்தைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தார்.

“போயிடுச்சாம்மா?” என்றார்.